வளர்ந்த ஆமையைத் திரும்ப வாங்கிக்கொள்ளும் மீன் கடை

கடையின் பெயரை எழுதவில்லை. கடைக்காரரே வேண்டாமென்று கேட்டுக்கொண்டார். "பேரைப் போட்டீங்கன்னா நாளைக்கே பெங்களூர்ல இருக்கிற ஆமை எல்லாம் நம்ம வாசல்ல வந்து நிக்கும் மேடம். மாடியில இடம் இல்ல." சிவாஜிநகரில் ரஸ்ஸல் மார்க்கெட்டிலிருந்து நடந்து போகிற தூரம், இரண்டு பேர் எதிரெதிரே வந்தால் ஒருவர் ஒதுங்கி நிற்க வேண்டிய சந்து. இதற்கு மேல் அடையாளம் சொல்ல மாட்டேன். ஆனாலும் இந்தக் கடையைப் பற்றி எழுதாமல் இருக்க முடியவில்லை. மீன் தொட்டி வைத்திருக்கிற ஒவ்வொருவரும் தங்கள் ஊர்க் கடையில் எதைக் கேட்க வேண்டும், எதைப் பார்க்க வேண்டும் என்பதை நான் இங்கேதான் கற்றுக்கொண்டேன்.

நான் போனது முத்துவுக்காக. முத்து எங்கள் வீட்டு ஆமை. 2018-ல் மகன் ஐந்தாம் வகுப்பு படித்தபோது பிறந்தநாளுக்கு வாங்கியது. அப்போது மாரி பிஸ்கட்டைவிடச் சின்னது. பச்சை ஓடு, கண்ணுக்குப் பின்னால் குங்குமத்தால் கோடிழுத்த மாதிரி சிவப்பு. விற்ற கடை வேறு. "தொட்டி சின்னதா இருந்தா இது வளரவே வளராது" என்று சொல்லித்தான் கொடுத்தார்கள். நம்பினேன். போன வருடம் முத்துவின் ஓடு 22 செ.மீ. குளியலறையின் பாதியை அதன் டப் எடுத்துக்கொண்டது. மகன் திருச்சிக்குக் கல்லூரிக்குப் போனான். எனக்கு முழங்கால் வலி. டப்பைச் சாய்த்துத் தண்ணீர் மாற்ற முடியவில்லை.

மாமியார் சொன்னார், "கோயில் குளத்துல விட்டுடு, புண்ணியம்." எதிர் வீட்டுக்காரர், "அல்சூர் ஏரி பக்கத்துலயே இருக்கே, எதுக்கு யோசிக்கிறீங்க?" என்றார். இரண்டு பேரும் நல்ல மனதோடுதான் சொன்னார்கள். விடுதலை கொடுப்பது நம் மனதுக்குப் பிடித்த காரியம். கூண்டிலிருக்கும் கிளியைப் பறக்க விடுகிற மாதிரி.

ஆனால் தமிழ்ச் சங்கத்துக்குப் பின்னால் குடியிருக்கிற நான் தினமும் காலையில் ஏரிக்கரையில் நடக்கிறவள். திருவள்ளுவர் சிலையைத் தாண்டி வந்தால், வெயில் ஏறும் நேரத்தில், தண்ணீரில் விழுந்து கிடக்கும் ஒரு கட்டையில் ஆமைகள் ஏறிக் காய்வதைப் பார்ப்பேன். ஒருநாள் மகனின் பைனாகுலரை எடுத்துப்போய்ப் பார்த்தேன். மூன்று ஆமைகள். மூன்றுக்கும் கண்ணுக்குப் பின்னால் சிவப்புக் கோடு. யாரோ மூன்று பேர், என் மாமியாரைப் போன்ற நல்ல மனதோடு, கொண்டுவந்து விட்டவை.

முத்துவின் இனமான சிவப்புக் காது ஆமை நம்முடையதல்ல. அமெரிக்காவின் மிசிசிப்பி ஆற்றுப் படுகையும் அதை ஒட்டிய தென்பகுதிகளும் அதன் ஊர். உலகின் மிக மோசமான 100 அயல் ஆக்கிரமிப்பு இனங்கள் என்று ஐயுசிஎன் என்ற உலக இயற்கைப் பாதுகாப்பு அமைப்பின் வல்லுநர்கள் 2000-ல் வெளியிட்ட பட்டியலில் இதுவும் இருக்கிறது. ஐரோப்பிய ஒன்றியம் 1997-லேயே இறக்குமதியை நிறுத்தியது. அமெரிக்காவிலேயே 4 அங்குலத்துக்குக் குறைந்த ஓடுள்ள ஆமைகளை விற்க 1975 முதல் தடை; குழந்தைகள் கையில் எடுத்து வாயில் வைத்து சால்மொனெல்லா என்ற வயிற்றுநோய்க் கிருமித் தொற்று வந்ததால். நான் என் மகன் கையில் கொடுத்தது அந்தத் தடைக்குள் வரும் அளவுதான். இங்கே இது பரவியதற்கு ஒரு காரணம் நம் சட்டத்தின் நல்ல பக்கத்திலிருந்தே வருகிறது: பாலாமை, நட்சத்திர ஆமை போன்ற நம் ஊர் இனங்களை வீட்டில் வைத்தால் குற்றம். அதனால் ஆசைப்பட்டவர்களுக்கு வெளிநாட்டு ஆமையை விற்றார்கள். அது 25, 30 வருடம் வாழும், ஆக்ரோஷமாகத் தின்னும், காயும் இடத்தைப் பிடித்துக்கொண்டால் மற்ற ஆமையை ஏறவிடாது. ஆமைக்கு வெயில் காய்வது சோம்பல் இல்லை. உடம்பைச் சூடேற்றிக்கொண்டால்தான் செரிமானமே நடக்கும். கட்டையிலிருந்து தள்ளப்படும் பாலாமைக்கு அது பட்டினிக்குச் சமம்.

முத்துவை எடுத்துக்கொள்வார்களா என்று இரண்டு இடங்களில் போனில் விசாரித்தேன். "வெளிநாட்டு ஆமை எடுக்கிறதில்ல" என்று வைத்துவிட்டார்கள். விற்ற கடையில், "ரிட்டர்ன் கிடையாது." அலுவலகத்தில் வேலை பார்க்கும் ஒரு பெண் சொல்லித்தான் இந்தச் சந்துக் கடைக்குப் போனேன்.

பத்தடி அகலக் கடை. மூன்று அடுக்குத் தொட்டிகள், பின்பக்கம் நீலப் பெயின்ட், ஏர் பம்ப்பின் ஓயாத உறுமல். கரண்ட் போனால் இன்வெர்ட்டர் எடுத்துக்கொள்ளும். அதை அவர் முதல் நாளே பெருமையோடு காட்டினார். மீன் பெரும்பாலும் சென்னை கொளத்தூரிலிருந்து ஆக்ஸிஜன் அடைத்த பைகளில் இரவு வண்டியில் வருகிறது. கடைக்காரர் கொளத்தூரில் தொழில் கற்று இங்கே வந்து 20 வருடத்துக்கு மேல் ஆகிறது. என்னிடம் தமிழ், அடுத்து நிற்பவரிடம் கன்னடம், பையனிடம் இந்தி, ஒரே மூச்சில்.

முதலில் கண்ணில் பட்டது அட்டைகள். ஒவ்வொரு தொட்டியிலும் ஒரு அட்டைத் துண்டு, கறுப்பு மார்க்கரில், தமிழிலும் கன்னடத்திலும். மற்ற கடைகளில் விலை மட்டும் இருக்கும். இங்கே விலைக்குக் கீழே இன்னொரு வரி. "இப்போ 2 இன்ச். வளர்ந்தா 1½ அடி." "இப்போ 1 இன்ச். வளர்ந்தா கை நீளம்." கப்பி தொட்டியில்: "வளராது. ஆனா மாசா மாசம் குட்டி போடும். சாக்கடையில கொட்டாதீங்க, எங்ககிட்ட கொடுங்க." இவ்வளவுதான். ஆனால் விற்கும் இடத்திலேயே, பணம் கொடுப்பதற்கு முன்னாலேயே, இந்த உண்மையைச் சொல்லும் இன்னொரு கடையை நான் இந்த ஊரில் பார்க்கவில்லை. 2018-ல் எனக்கு யாராவது இப்படி ஒரு அட்டை காட்டியிருந்தால் முத்து எங்கள் வீட்டுக்கு வந்திருக்காது.

அட்டைக்கு மேல் ஒரு படி இருக்கிறது. கடையின் பின்பக்கம் ஆறடித் தொட்டி ஒன்றில் ஒரே ஒரு மீன். கரும்பழுப்பு, உடம்பெல்லாம் எலும்புத் தகடு, பாய்மரம் மாதிரி முதுகுத் துடுப்பு, கண்ணாடியில் ஒட்டிய வட்ட வாய். நீளம் ஒன்றேகால் அடிக்குக் குறையாது. தொட்டிப் பாசியைத் தின்னும் "டேங்க் கிளீனர்" மீன் கேட்டு வருகிறவர்களை, குழந்தையோடு வந்தால் குழந்தையையும் சேர்த்து, அவர் முதலில் இந்தத் தொட்டிக்குக் கூட்டிப்போகிறார். "இதுதான் நீங்க கேட்ட மீன். நாலு வருஷம் கழிச்சு." நான் நின்ற அரை மணி நேரத்தில் ஒரு தகப்பனார் பார்த்துவிட்டு, பாசியைத் தேய்க்கும் ஸ்பாஞ்ச் மட்டும் வாங்கிப் போனார்.

அந்த மீனை நான் ஏற்கெனவே அறிவேன். என் ஊர் திருக்கோவிலூர் பக்கம். பெரியப்பா மகன் ஏரிக் குத்தகை எடுத்து மீன் பிடிக்கிறவர். மூன்று வருடம் முன் பொங்கலுக்குப் போனபோது அண்ணன் கிழிந்த வலையைத் திண்ணையில் விரித்துப் போட்டிருந்தார். வலையில் சிக்கியிருந்தது இதே மீன். துடுப்பு முள் வலையில் மாட்டிக்கொண்டால் இழுத்து எடுக்க முடியாது, அறுக்கத்தான் வேண்டும். "விக்கவும் முடியாது, தின்னவும் முடியாது, சாகவும் மாட்டேங்குது" என்றார். சாகாததற்குக் காரணம் உண்டு. தண்ணீரில் ஆக்ஸிஜன் குறைந்தால் இது மேலே வந்து காற்றை விழுங்கி வயிற்றாலேயே மூச்சுவிடும். ஈரமாக இருந்தால் பல மணி நேரம் கரையிலும் உயிரோடு கிடக்கும். சாக்கடை கலந்த ஏரியில் கெண்டையெல்லாம் மிதக்கிற நாளிலும் இது இருக்கும். ஆண் மீன் கரையில் நீளமாக வளை தோண்டி முட்டைக்குக் காவல் இருக்கும். நிறைய வளை வந்தால் கரை சரியும். மண் கரை ஏரிகளால் பிழைக்கும் நம் ஊருக்கு இது சின்ன விஷயமில்லை. தென்னமெரிக்காவின் அமேசான் படுகையிலிருந்து வந்த மீன், நம் ஏரிக்கு நடந்து வரவில்லை. தொட்டி வழியாகத்தான் வந்தது.

இதைக் கடைக்காரரிடம் சொன்னேன். அவர் கேட்ட கேள்வி: "உங்க ஊர் ஏரிக்கு பெங்களூர் தண்ணி வருதா மேடம்?" அன்று இரவு வரைபடத்தை எடுத்து வைத்துக்கொண்டு பார்த்தேன். அல்சூர் ஏரி நிரம்பினால் ராஜகால்வாய் என்ற பெரிய மழைநீர்க் கால்வாய் வழியாக பெல்லந்தூர் ஏரி. அங்கிருந்து வர்த்தூர். வர்த்தூர் தாண்டினால் தட்சிண பினாகினி, அதாவது நம் தென்பெண்ணை. ஓசூர் பக்கம் கெலவரப்பள்ளி அணை, பிறகு கிருஷ்ணகிரி அணை, சாத்தனூர் அணை, திருக்கோவிலூர், கடலூர், கடல். என் வீட்டுக்குப் பக்கத்து ஏரியும் நான் பிறந்த ஊர் ஆறும் ஒரே தண்ணீர். அண்ணன் வலையில் விழுந்த மீன் எந்தத் தொட்டியிலிருந்து கிளம்பியது என்று யாராலும் சொல்ல முடியாது. ஆனால் இங்கே விடுகிற எதுவும் இங்கேயே நிற்காது என்பது அன்று எனக்கு உறைத்தது.

இப்போது கடையில் இருக்கும் ஒரு நோட்டைப் பற்றி. இந்தக் கடைக்கு நான் முழு மதிப்பெண் கொடுப்பது அதற்காகத்தான்.

கல்லாவுக்குக் கீழே நீட்டு நோட்டு ஒன்று, சிவப்புத் துணி அட்டை போட்டது. யாராவது வளர்ந்த மீனையோ ஆமையையோ திருப்பிக் கொடுக்க வந்தால் அதில் ஒரு வரி எழுதுகிறார். தேதி. என்ன இனம். ஸ்கேல் வைத்து அளந்த நீளம். எந்த ஏரியாவில் வாங்கியது (கடைப் பெயர் எழுதமாட்டார், "யாரையும் மாட்டிவிடறதுக்கு இல்ல"). எத்தனை வருடம் வளர்த்தார்கள். ஏன் கொடுக்கிறார்கள். காரணம் எழுதும் கடைசிக் கட்டத்தில் மூன்று சொல்லுக்கு மேல் இல்லை, ஆனால் படிக்கப் படிக்க மனதைப் பிடிக்கிறது: "வீடு மாத்தம்." "குழந்தை பயம்." "வாடகை ஓனர் ஒத்துக்கல." "நாத்தம்." "தாத்தா இறந்துட்டார்." ஏப்ரல், மே பக்கங்கள் தடித்திருக்கின்றன. பள்ளி முடிந்து குடும்பங்கள் வீடு மாறும் காலம். அப்படியானால் ஏரியில் போய் விழுவதும் அந்த மாதங்களில்தான் அதிகமிருக்கும் என்று எனக்குத் தோன்றியது.

ஏன் எழுத ஆரம்பித்தார் என்று கேட்டேன். 2018-ல் கேரள வெள்ளத்தின்போது வளர்ப்புக் குளங்களிலிருந்து அராபைமா என்ற ராட்சத அமேசான் மீன் ஆறுகளுக்குப் போய் வலையில் சிக்கிய செய்தி வந்ததே, அன்று கடைக்கு வந்த ஒரு கல்லூரி மாணவி கேட்டாளாம்: "அண்ணா, உங்க கடையில வித்தது எல்லாம் இப்ப எங்க இருக்கு?" பதில் தெரியவில்லை. மறுநாள் நோட்டு வாங்கினார்.

அந்த மாணவி கேட்டதுதான் அயல் உயிரினங்களை ஆராயும் துறையின் நடுக் கேள்வி. ஒரு அயல் உயிரினம் ஒரு நீர்நிலையில் நிலைகொள்ளுமா என்பது அந்த உயிரின் வலுவை மட்டும் பொறுத்ததல்ல. எத்தனை முறை, எத்தனை உயிர்கள் அங்கே விடப்படுகின்றன என்பதையும் பொறுத்தது. ஒரு ஆமையை விட்டால் அது தனியாகக் கிழடாகிச் சாகலாம். வருடா வருடம் பத்துப் பேர் விட்டால் ஜோடி சேரும், மணல்கரையில் முட்டை வரும். ஏரியில் பார்ப்பது எல்லாம் நடந்து முடிந்த பிறகு பார்ப்பது. கடையின் நோட்டு அதற்கு முன்னாலேயே, வாசலிலேயே எண்ணுகிறது. இப்படி ஒவ்வொரு கடையிலும் ஒரு நோட்டு இருந்தால் எந்த இனம் நாளைக்கு ஏரியில் தலைகாட்டும் என்று இன்றே சொல்லலாம். நான் இதை முழு நம்பிக்கையோடு சொல்கிறேன்.

ஏரியில் பார்ப்பதைப் பதிவு செய்யும் வேலையை நான் எடுத்துக்கொண்டேன். ஐநேச்சுரலிஸ்ட் என்ற செயலி. 2008-ல் கலிஃபோர்னியாவில் பெர்க்லி பல்கலைக்கழக மாணவர்கள் மூன்று பேர் முதுகலைத் திட்டமாகத் தொடங்கியது. படம், தேதி, இடம் மூன்றும் போட்டு ஏற்றினால் மற்றவர்கள் பார்த்து இனத்தைச் சொல்கிறார்கள். சொன்னவர்களில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் ஒத்துப்போனால் அது ஆய்வுத் தரப் பதிவாகிறது. உரிமம் அனுமதித்தால் ஜிபிஐஎஃப் என்ற உலகத் தரவுத்தளத்துக்கும் போகிறது. ஆராய்ச்சியாளர்கள் அங்கிருந்து எடுத்துக்கொள்கிறார்கள். பணம் கிடையாது. கடை மாடியில் இருக்கும் ஆமைகளை ஏற்றினால் "வளர்ப்பு" என்று குறிக்க மறக்கக் கூடாது. இல்லாவிட்டால் சிவாஜிநகர் சந்தில் காட்டு ஆமை இருப்பதாக வரைபடம் காட்டும்.

படம் எடுப்பதில் நான் கற்ற இரண்டு விஷயங்களைச் சொல்லிவிடுகிறேன், யாருக்காவது உதவும். சிவப்புக் காது ஆமை வயதானால், முக்கியமாக ஆண், உடம்பு கறுத்துப் போய்ச் சிவப்புக் கோடு மங்கிவிடும். அதனால் தலையோடு சேர்த்து ஓட்டின் ஓரத்தையும் எடுக்க வேண்டும். டேங்க் கிளீனர் மீனை மேலிருந்து மட்டும் எடுத்தால் பயனில்லை. வயிற்றைத் திருப்பி எடுக்க வேண்டும். ஒரு இனத்துக்கு வயிற்றில் தனித்தனிப் புள்ளி, இன்னொன்றுக்குப் புள்ளிகள் சேர்ந்து புழு நெளிவது போன்ற கோடு. இரண்டும் கலந்து கலப்பினமும் உண்டாவதால் சில மீன்களுக்குப் பெயர் சொல்லவே முடியாது.

ஹைதராபாத்தில் சிசிஎம்பி என்ற உயிரியல் ஆய்வு மையத்தின் விஞ்ஞானிகள் கிழக்குத் தொடர்ச்சி மலை நீர்நிலைகளில் இதே மீனை வலை போடாமலே தேடியதைக் கடைக்காரரிடம் சொன்னேன். மீன் தண்ணீரில் உதிர்க்கும் செதில் துகள், சளி, கழிவு எல்லாவற்றிலும் டிஎன்ஏ இருக்கிறது. தண்ணீரை மொண்டு வடிகட்டி அதைச் சோதித்தால் போதும், மீன் கண்ணில் படவே வேண்டாம். "அப்ப தண்ணி பொய் சொல்லாது" என்றார். அந்த வாக்கியம் எனக்கு நினைவில் நிற்கிறது.

குறைகளையும் சொல்ல வேண்டும்.

டேங்க் கிளீனரை அவர் இன்னும் விற்கிறார். அட்டை வைக்கிறார், பெரிய மீனைக் காட்டுகிறார், ஆனால் கேட்டால் கொடுக்கிறார். "நான் நிறுத்துனா பக்கத்துக் கடையில எதுவும் சொல்லாம கொடுப்பாங்க" என்பது அவர் வாதம். எனக்கு ஒப்பவில்லை, அவரிடமே சொல்லிவிட்டேன். அலிகேட்டர் கார் மீனை அவர் நிறுத்தியிருக்கிறார். 2023-ல் போபால் பெரிய ஏரியிலும் ஸ்ரீநகர் தால் ஏரியிலும் அந்த முதலைவாய் மீன் அகப்பட்டபோது செய்தித்தாளை வெட்டிச் சுவரில் ஒட்டி, அன்றோடு விற்பனையை நிறுத்தினார். ஒன்றை நிறுத்த முடிந்தவருக்கு இன்னொன்றையும் நிறுத்த முடியும். 2022-ல் திருத்தப்பட்ட வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம், அயல் ஆக்கிரமிப்பு இனங்களின் இறக்குமதி, விற்பனை, வளர்ப்பு எல்லாவற்றையும் கட்டுப்படுத்த மத்திய அரசுக்கு அதிகாரம் கொடுத்திருக்கிறது. அரசாணை வரும்வரை காத்திருக்க வேண்டாம் என்பது என் கருத்து.

ஒரே கை வலையை எல்லாத் தொட்டியிலும் போடுகிறார்கள். திரும்பி வந்த மீனுக்குத் தனித் தொட்டி இருக்கிறது, ஆனால் வலை ஒன்றுதான். எந்த வீட்டிலிருந்து என்ன நோய் வருகிறதோ. இதைப் பையனிடம் இரண்டு முறை சொன்னேன். தலையாட்டினான், வலை மாறவில்லை.

என்னை உண்மையிலேயே கோபப்படுத்தியது செடி. மீனுக்கெல்லாம் அட்டை வைத்தவர், மிதக்கும் செடிகளை ஒரு பிளாஸ்டிக் டப்பில் கொட்டி வைத்திருந்தார், பிடி 30 ரூபாய், அட்டை கிடையாது. ஒரு இலையை எடுத்து லென்ஸ் வைத்துப் பார்த்தேன். மேல்பரப்பில் முடிகள், ஒவ்வொன்றும் நுனியில் மறுபடி கூடி, முட்டை அடிக்கும் கம்பிக் கரண்டி மாதிரி. சால்வீனியா மொலெஸ்டா. கேரளத்தில் ஆப்பிரிக்கன் பாயல் என்று பெயர் வைத்து வயலிலும் காயலிலும் பல பத்தாண்டு போராடிய அதே செடி; உண்மையில் பிரேசில்காரி. பெங்களூருக்கும் இதனோடு பழைய கணக்கு உண்டு. 1980களின் தொடக்கத்தில் இங்குள்ள விஞ்ஞானிகள் இந்தச் செடியை மட்டும் தின்னும் ஒரு சிறு கூன்வண்டை வரவழைத்து, பெங்களூரில் ஒரு அல்லிக் குளத்தில் விட்டுச் சோதித்தார்கள். செடி அடங்கியது. பிறகு அதே வண்டு கேரளத்தில் பெரிய அளவில் வேலை செய்தது. ஏரியை மூடும் ஊதாப் பூ ஆகாயத்தாமரைக்கும் அதே காலத்தில் வேறு கூன்வண்டுகள் இங்கே விடப்பட்டன. எத்தனை பேர் எத்தனை வருடம் உழைத்து அடக்கிய செடியைப் பிடி 30 ரூபாய்க்குப் பையில் போட்டுக் கொடுப்பதைப் பார்த்தபோது எனக்குக் கை நடுங்கியது.

பெயர்க் குழப்பமும் சேர்ந்துகொள்கிறது. டப்பில் இன்னொரு பக்கம் ரோஜா மாதிரி இலையடுக்கு உள்ள செடி. அதைக் காட்டி "ஆகாயத்தாமரை" என்றார். சித்த வைத்தியத்தில் அதற்குத்தான் அந்தப் பெயர், சரிதான். ஆனால் செய்தித்தாளில் ஆகாயத்தாமரை என்றால் ஏரியை மூடும் ஊதாப் பூச் செடி. அதை வெங்காயத்தாமரை என்று சொல்லும் ஊர்களும் உண்டு. காம்பு வெங்காயம் மாதிரி உப்பியிருக்கும். ஒரே பெயரில் இரண்டு செடி ஓடினால் எது எங்கே பரவியது என்று பதிவு செய்வதே சிக்கல். இதைப் பேசியே ஒரு மாலை போனது. ஜிலேபி மீனைப் பற்றியும் பேசினோம். 1952-ல் இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்ட மீன் அது, ஆப்பிரிக்காவின் மொசாம்பிக் பக்கத்துச் சொந்தம். எங்கள் ஊரில் அதை வெளிநாட்டு மீன் என்று சொன்னால் யாரும் நம்ப மாட்டார்கள். என் அம்மா வைத்த ஜிலேபிக் குழம்பின் ருசி இன்னும் நாக்கில் இருக்கிறது. ஒரு உயிரினம் நிலைகொண்டுவிட்டால் இரண்டு தலைமுறையில் நம் சமையலிலும் பேச்சிலும் கலந்துவிடும்; அதற்கு முன் ஏரியில் என்ன மீன் இருந்தது என்று கேட்டால் சொல்ல ஆளிருக்காது.

விலை விவரம்: கப்பி, மோலி எல்லாம் சந்தை விலைதான். பில் கேட்டால் தருவார், கேட்காவிட்டால் தர மாட்டார், கேட்டு வாங்குங்கள். திருப்பிக் கொடுக்கும் மீனுக்குப் பணம் தர மாட்டார், நம்மிடம் பணம் கேட்கவும் மாட்டார். ஆமைக்கு மட்டும் ஒரு மாதத் தீனி கொண்டுவரச் சொல்கிறார். அது நியாயம். மாடியில் மூன்று சிமென்ட் தொட்டி, மேலே வலை, நடுவில் கல் அடுக்கிய மேடு. காக்காயும் வராது, ஆமையும் ஏறி ஓடாது. இடம் காலியானால்தான் அடுத்தது. முத்துவுக்கு ஐந்து வாரம் காத்திருந்தேன். அவசரமாக ஊரைக் காலி செய்கிறவர்களுக்கு ஐந்து வாரம் என்பது ஏரிக்கரை வரை போய்விடும் காலம். இது அவர் ஒருவரால் தீரும் குறை இல்லை. ஊரில் இப்படி நாலு மாடியாவது வேண்டும்.

பாலாமை, காராமை போன்ற நம் ஊர் ஆமைகளை அவர் தொடவே மாட்டார். யாராவது கொண்டுவந்தால் வனத்துறை எண்ணைக் காட்டுகிறார். கல்லாவில் ஒட்டியிருக்கிறது.

முத்துவைக் கொண்டுபோன அன்று மகனும் திருச்சியிலிருந்து வந்திருந்தான். கடைக்காரர் ஸ்கேலை ஓட்டின் மேல் வைத்தார். "இருபத்திரண்டரை." நோட்டில் எழுதினார். தேதி, இனம், நீளம், "வேற கடை", 7 வருடம். காரணத்துக்கு வந்ததும் பேனாவை நிறுத்தி என் மகனைப் பார்த்தார். "நீ சொல்லுப்பா." அவன் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "ஏரியில விட வேணாம்னு" என்றான். அதையே எழுதினார்.

அதற்குப் பிறகு நான் மாதம் ஒருமுறை போகிறேன், தீனியோடு. போன சனிக்கிழமை செடி டப்புக்குப் பக்கத்தில் புது அட்டை இருந்தது. "ஏரியில, கால்வாய்ல போடாதீங்க. வேண்டாம்னா வெயில்ல நல்லா காயவெச்சு குப்பையில போடுங்க." டப்பில் சால்வீனியாவைக் காணோம். கேட்டதற்கு, "மாடியில காயுது மேடம்" என்றார்.

ஆமை கொண்டுபோகிறவர்களுக்கு: கடை யாருடையதானாலும் முதலில் போன் செய்து இடம் இருக்கிறதா என்று கேளுங்கள். பக்கெட்டில் தண்ணீர் நிரப்பிக் கொண்டுபோகாதீர்கள், ஆட்டோ குலுங்கும்போது ஆமை திணறும். அடியில் ஈரத் துண்டு விரித்து, மேலே காற்றுப் போகும் மூடி போட்டால் போதும். வீட்டுக்கு வந்ததும் கையை சோப்புப் போட்டுக் கழுவுங்கள். ஆமை இருந்த டப்பின் கடைசித் தண்ணீரை மழைநீர்க் கால்வாயில் ஊற்றாமல் செடிக்கு ஊற்றுங்கள்.